பெட்டியில் யார் என்று நீ கேட்டது

அன்பு மகன் ஆகாஷுக்கு அம்மா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, செவலை மாடு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது, பின்லாந்துக் குளிரில் நீயும் நோய்நொடி இல்லாமல் இருக்க நம் குலதெய்வத்தைக் கும்பிட்டுக்கொள்கிறேன். போனில் நான் பேசினால் நீ ம் என்கிறாய், நீ பேசினால் நான் ம் என்கிறேன், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. நீ செய்ய வேண்டியதை உன் சித்தப்பா மகன் அஜித் செய்தான். கரும்பு வெட்ட ஆலையில் உத்தரவு கொடுத்துவிட்டார்கள், அதையும் அவன்தான் பார்க்கிறான். பால் தெளித்த மறுநாளே நீ கிளம்பிப் போனதைப் பற்றிச் சாப்பாட்டுப் பந்தியில் கொஞ்சம் பேசினார்கள். அவன் வேலை செய்கிற இடத்துப் பெரிய பிரிட்ஜ் அடிக்குளிருக்குப் போகவே நாள்கணக்கில் ஆகும், பாதியில் விட்டுவிட்டு வந்தவன், போகாமல் எப்படி என்று சொன்னேன். அப்படி என்ன பிரிட்ஜ் என்றார்கள். உங்கப்பா இருந்திருந்தால் போனை எடுத்துப் படத்தைக் காட்டியிருப்பார். பித்தளைக் குத்துவிளக்கைத் தலைகீழாகத் தொங்கவிட்ட மாதிரி இருக்குமே, அந்தப் படம். இரண்டு விதமான ஹீலியம், ஒன்று இன்னொன்றுக்குள் போகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும், பானைத் தண்ணீர் கசிந்து குளிர்கிற மாதிரிதான், வானத்துக்கு மேலே இருக்கிற குளிரைவிட ஜாஸ்தி, அதில்தான் குவாண்டம் கம்ப்யூட்டர் வேலை செய்யும் என்று நீ சொல்லிக்கொடுத்ததை மணலூர்பேட்டை டீக்கடையில் ஒருவர் விடாமல் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார். கேட்டவர்கள் எல்லாம் முடிவில் பிரிட்ஜுக்கு கேஸ் ஏற்ற எவ்வளவு ஆகும் என்றுதான் கேட்பார்கள். அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார், பையன் வந்தால் கேட்டுச் சொல்கிறேன் என்பார்.

அன்றைக்கு நடந்ததை நான் இன்னும் என் வாயால் உனக்குச் சொல்லவில்லை. வெள்ளிமலைக்குச் சாமை வாங்கப் போனவர், வாங்கிக்கொண்டு பஸ்ஸில் மலை இறங்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டாராம், கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது. உன்னிடம், அப்பாவுக்கு சீரியஸ், உடனே கிளம்பு என்று மட்டும் சொல்லச் சொன்னது நான்தான். தூரத்தில் இருக்கிறவர்களுக்கு நம் பக்கம் அப்படித்தானே சொல்வது, அவ்வளவு தூரமும் தனியாக அழுதுகொண்டு வரவேண்டாம் என்று நினைத்தேன். நீ வரும்வரை வைத்திருக்க ஐஸ் பெட்டி எடுத்தோம். மத்தியானத்துக்கு மேல் பெட்டி குளிராமல் போய்விட்டது, கண்ணாடிக்குள் வேர்த்தது. வாடகைக்குக் கொடுத்தவன் போனை எடுக்கவில்லை. எல்லோரும் கூடிக்கூடிப் பேசினார்கள், குளிர் பெட்டி என்றால் நம்ம ஆகாஷைவிட யாருக்குத் தெரியும் என்று யாரோ சொல்ல, அஜித்தும் பதற்றத்தில் உனக்கே போன் போட்டுவிட்டான். நீ தோஹாவில் அடுத்த விமானத்துக்காக உட்கார்ந்திருந்தாய்.

உனக்கு இன்னும் விஷயம் தெரியாது என்பது யாருக்கும் அந்த நேரத்தில் தோன்றவில்லை ஆகாஷ். எனக்கும் தோன்றவில்லை, நானும் பக்கத்தில்தான் நின்றேன். பின்னாடி காத்து போற வழிய இன்னா வெச்சி மூடிக்கினு இருக்கீங்க என்று கேட்டாய். பார்த்தால் வந்த மாலையெல்லாம் அங்கேதான் சாத்தியிருந்தது. மாலைய எடுங்க, சுவரை விட்டுத் தள்ளி வைங்க, ஆஃப் பண்ணிட்டுக் கொஞ்ச நேரம் கழிச்சுப் போடுங்க என்று ஒவ்வொன்றாகச் சொன்னாய். மெஷின் ஓட ஆரம்பித்த சத்தம் உனக்கும் கேட்டிருக்கும். அதற்குப் பிறகுதான், பொட்டியில யாரு என்று கேட்டாய். அஜித் போனை என் கையில் கொடுத்துவிட்டான். அப்பாதான்டா என்றேன். நீ, மூடியை அடிக்கடி தொறக்காதீங்கம்மா என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய்.

வந்ததும் நீ முதலில் பெட்டிக்குப் பின்னால் போய்க் கையை வைத்துப் பார்த்தாய், அப்புறம்தான் முகத்தைப் பார்த்தாய். பிள்ளை அழவே இல்லை என்று நிர்மலா அத்தை காதில் விழும்படியே சொன்னாள். நானும்தான் அழவில்லை. என்னைத் தைரியசாலி என்கிறார்கள். தைரியமும் இல்லை ஒன்றும் இல்லை, கால் மரத்துப்போனால் கிள்ளினாலும் தெரியாதே, அப்படி இருக்கிறது. சமைக்கிறேன், பால் கறக்கிறேன், யார் வந்தாலும் காபி கொடுக்கிறேன். அவர் வாங்கிவந்த சாமையைத்தான் பொங்கிச் சாப்பிடுகிறேன், அதுவும் தொண்டையில் இறங்குகிறது.

ஆனால் ஒன்று மட்டும் உறைக்கிறது. நான் சாப்பிட்டேன் என்று சொன்னாலும் நீ போனை வைத்துவிட்டு அஜித்தைக் கூப்பிட்டு, அம்மா நெஜமாவே சாப்ட்டாங்களா என்று கேட்கிறாயாம். மாத்திரை போட்டேனா என்றும் கேட்கிறாயாம். அவன் மறைக்கத் தெரியாதவன், சொல்லிவிட்டான். நான் சொல்வதை நீ நம்புவதில்லை என்று தெரிந்துகொண்டேன். அதற்கு உன்மேல் கோபம் இல்லை, நீ நம்பாமல் இருப்பது நியாயம்தான். அதனால் உள்ளதைச் சொல்கிறேன். சர்க்கரை ஏறித்தான் இருக்கிறது, டாக்டர் மாத்திரையைக் கூட்டியிருக்கிறார். போன வாரம் மாட்டுக் கொட்டகையில் வழுக்கி விழுந்தேன், முழங்கை வீங்கி இப்போது வற்றிவிட்டது. ராத்திரி தூக்கம் கம்மி.

நீ அங்கே வேளைக்குச் சாப்பிடு, வெளியே போகும்போது காதை மூடிக்கொண்டு போ. நீயும் எனக்கு உள்ளதைச் சொல், நல்லா இல்லை என்றால் நல்லா இல்லை என்று சொல். நீ நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும், எடுத்த வேலை கைகூட வேண்டும். அஜித்திடம் ஒன்று சொல்லிவைத்திருக்கிறேன், நீயும் தெரிந்துகொள். எனக்கு ஒன்று ஆனால் சீரியஸ் என்று சொல்ல மாட்டான், அம்மா செத்துட்டாங்க என்றே சொல்வான். நீ வழியெல்லாம் அழுதுகொண்டே வா.

உன் அம்மா,
கொளஞ்சியம்மாள்