வெளியே என்ற இடம்

9 ஏப்ரல் 1984, ஆம்பூர்

இருபது வருடத்துக்கு முன் ஏழாம் வகுப்பில் வாஹித் பாஷா கேட்டான்: "அழுக்குத் தண்ணி மணலுக்குள்ள போனா, அழுக்கு எங்க சார் போவுது?" மூன்று பானை அடுக்கி, மணலும் கரியும் போட்டு, கலங்கல் நீரைத் தெளியவைத்துக் காட்டினேன். எல்லாவற்றையும் மணல் பிடித்துக்கொள்ளும் என்றேன்.

பத்திரிகை முழுக்க நம் வீரர் விண்வெளியில் சுற்றும் செய்தி. முன்பு போய்வந்தவர்களைப் பற்றியும் எழுதியிருந்தார்கள். நாம் மூச்சு விடும் காற்று, அங்கிருந்து பார்த்தால், பூமியின் ஓரத்தில் ஒரு மெல்லிய கோடுதானாம். அதைக் கண்டு ஒருவர் பயந்தே போனாராம். அந்தப் பயம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

10 ஏப்ரல்

மருமகள் ஜெயசீலிக்கு ஏழாம் மாதம். "கிணத்துத் தண்ணி கரிக்குது மாமா. ஒரு மாசமா சொல்றேன், உங்களுக்கு நாக்கு செத்துப்போச்சா?" என்றாள். குடித்துப் பார்த்தேன். கரித்தது.

12 ஏப்ரல்

எங்கள் கிணற்றிலிருந்து இருநூறு அடியில், அன்று கேள்வி கேட்ட அதே பாஷாவின் தோல் பதனிடும் ஷாப். உப்பிட்டு வந்த தோலை ஊறவைத்த தண்ணீர், பின்னால் ஒரு பெரிய பள்ளத்துக்குப் போகிறது. பெருமையாகக் காட்டினான். "தண்ணிய பாலாத்துல உடல சார். அடியில மணலு, கரி. நீங்க சொல்லிக் குடுத்த பானைதான், கொஞ்சம் பெருசு."

டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன். ஒன்றும் சொல்லவில்லை — கோழை.

15 ஏப்ரல்

குருத்தோலை ஞாயிறு. ஜெபத்தில் மனம் நிற்கவில்லை. அந்தக் குழந்தை பிறக்குமுன்பே எதைக் குடிக்கிறது?

16 ஏப்ரல்

பாஷாவிடம் சொல்லிவிட்டேன். மணல் சேற்றைத்தான் பிடிக்கும், கரைந்த உப்பைப் பிடிக்காது. அன்று நான் பாதிதான் சொன்னேன் என்று.

"அப்போ வெளிய எங்கனா உடவா சார்?"

"வெளியேன்னு ஒரு இடமே இல்லப்பா. மேல போய்ப் பார்த்தவங்க அதைத்தான் சொல்றாங்க."

"அவங்க பார்த்துட்டு எறங்கி வந்துடுவாங்க. இங்க நாப்பது பேரு வேலை செய்றாங்க சார். நான் எங்க போறது?"

 

18 ஏப்ரல்

ஜெயசீலியை வாலாஜாபேட்டைக்கு, அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பினேன்.

3 மே

பாஷா வந்தான். எங்கள் கிணற்றில் தானே ஒரு வாளி இறைத்து, ஒரு டம்ளர் முழுக்கக் குடித்தான். "உப்பு ஜாஸ்தியா இருக்கு சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

24 ஜூன்

பெண் குழந்தை. இருவரும் சுகம். எப்போது வரலாம் என்று ஜெயசீலி எழுதியிருக்கிறாள்.

பாஷா பள்ளத்துக்கு சிமெண்டுத் தளம் போட்டுவிட்டான். தண்ணீர் கீழே இறங்காமல் வெயிலில் வற்றி, உப்புக் காய்கிறது. கிணறு மட்டும் இன்னும் கரிக்கிறது. எத்தனை மழை வேண்டுமோ? இப்போது வராதே என்று எழுதிவிட்டேன்.

இதை யாராவது படித்தால் — உங்கள் வீட்டில் கொட்டும் தண்ணீரின் பின்னாலேயே, அது போய்ச் சேரும் இடம் வரை ஒருமுறை நடந்து பாருங்கள்.