சேதுவை அனுப்ப நானும் சரி என்றேன், அப்பா

என் செல்ல அப்பாவுக்கு,

சௌக்கியமா என்று ஆரம்பித்தால் சிரிப்பாய். "செத்தவன்கிட்ட சௌக்கியம் விசாரிக்கிறா பாரு என் பொண்ணு" என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டுவாய். சரி, கேட்கவில்லை. நான் சௌக்கியமாக இல்லை, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். அம்மாவிடம் சொல்ல முடியாது. அவளே பயந்துபோய்க் கிடக்கிறாள், அவளிடம் போய் எனக்கும் பயமாக இருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது?

சேதுவுக்குப் பதினாலு முடிந்துவிட்டது அப்பா. என்னைவிட ஒரு ஜாண் உயரம். மீசை அரும்பிவிட்டது, உன் மீசை மாதிரியே இடது பக்கம் கொஞ்சம் கம்மி. பேச்சு வரவில்லை. வரும் என்று நாங்களும் இப்போதெல்லாம் காத்திருப்பதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் எதிரில் நிறுத்திவிடுவான். பிரிட்ஜா, செருப்பா, மொட்டைமாடிக் கதவா என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். உனக்குத் தெரியாத சேது ஒருவன் நடுவில் மூன்று மாதம் நம் வீட்டில் இருந்தான்.

ஆபீஸ் விட்டு வந்த நீ தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் உட்கார்ந்து, எழுந்திருக்காமலே போன அந்த ஐப்பசியில் எல்லோரும் இவனை நினைத்துத்தான் பயந்தார்கள். இவன் ஒன்றுமே செய்யவில்லை. துக்கத்துக்கு வந்தவர்களின் செருப்பையெல்லாம் வாசலில் ஜோடி ஜோடியாக அடுக்கினான். ஸ்கூலுக்குப் போனான், சாப்பிட்டான், தூங்கினான். ஒரு வருஷம் அப்படியே ஓடியது. "அவனுக்குப் புரியலக்கா, விடு, அதுவும் நல்லதுக்குத்தான்" என்றார் குமார் மாமா. அம்மாவின் தம்பிக்கு எதையும் மெதுவாகச் சொல்லத் தெரியாது.

உன் முதல் வருஷ திவசம் முடிந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. காலையில் இட்லித் தட்டை முன்னால் வைத்தாள் அம்மா. ஒரு வாய் வைத்தான், தட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தான். அன்றைக்கு ஆரம்பித்ததுதான். தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்வான். வலது கன்னம், காதுக்குக் கொஞ்சம் கீழே. பளார் பளார் என்று சத்தம் கேட்டு நான் சமையலறையிலிருந்து ஓடிவந்தால் தலையைச் சுவரில் மோதிக்கொண்டிருப்பான். தடுக்கப் போனால் நமக்கு விழும். ஒருநாள் அம்மாவின் முழங்கைக்கு மேலே பல் பதியக் கடித்துவிட்டான். அன்றிலிருந்து அம்மா நீளக் கை வைத்த ரவிக்கை தைத்துப் போட்டுக்கொள்கிறாள். யாராவது கேட்டால் பனி என்கிறாள். சென்னையில் என்ன பனி?

ஏன் இப்படி என்று எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை அப்பா. அதுதான் கொடுமை. திவசத்தன்று உன் படத்துக்கு மாலை போட்டுப் படையல் வைத்ததை அவன் நின்று பார்த்தான். நீ இனிமேல் வரமாட்டாய் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்திருக்கிறது என்றாள் அம்மா. நானும் தலையாட்டினேன். அவனை வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடமும் அதையேதான் சொன்னோம். அவர் மருந்தைக் கொஞ்சம் கூட்டினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், நாங்கள் சொன்ன கதைக்கு அவர் மருந்து கொடுத்தார்.

ஒன்று சொல்கிறேன், திட்டாதே. ஒரு சாயங்காலம் என் கையைப் பிடித்து இழுத்தான். எங்கேயோ கூட்டிப் போகப் போகிறான் என்று எழுந்தேன். போகவில்லை. என் உள்ளங்கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டான். நீ அவன் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக் கொஞ்சுவாயே, அதைத்தான் கேட்கிறான் என்று எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கொஞ்சினேன். அலறிக்கொண்டு என்னைத் தள்ளிவிட்டான். நான் நீ இல்லை என்பதால் தள்ளிவிட்டான் என்று நினைத்து, பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழுகை நின்றதும் தேன்மிட்டாய் பொட்டலத்தை எடுத்துவந்து ஒன்று அவன் வாயில் போட்டேன். அந்த மாதங்களில் எங்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான். ஐந்து நிமிஷம் அடங்குவான், பிறகு இரண்டு மடங்காகக் கத்துவான்.

வீட்டுக்கு வரவே பயமாக இருந்தது. பெருங்குடியில் ஆபீஸ் முடிந்த பிறகும் சீட்டை விட்டு எழுந்திருக்க மாட்டேன். ஒருநாள் ரயிலில் தாம்பரம் வந்தது, நான் இறங்கவில்லை. கூடுவாஞ்சேரி வரைக்கும் போய் பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அம்மாவை அவனோடு தனியாக விட்டுவிட்டு, போவோர் வருவோரைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம். கேட்டால் ரயில் லேட் என்றேன். நான் திரும்பி வந்தபோது அவன் அறைக்கு வெளியே புதிதாக ஒரு தாழ்ப்பாள் போட்டிருந்தது. அம்மாவே ஆளைக் கூப்பிட்டுப் போட்டிருந்தாள்.

குமார் மாமா கூடுவாஞ்சேரி தாண்டி ஒரு விடுதி பார்த்துவைத்தார், இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்றே நடத்துவது. போய்ப் பார்த்தோம். சுத்தமாகத்தான் இருந்தது. "உனக்குக் கல்யாணம் ஆகணும்மா. அக்காவுக்கு வயசாகுது. நாளைக்கு அவன் ஓங்கி ஒண்ணு விட்டா யாரு தாங்குறது?" என்றார் மாமா. அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று சொல்வேன் என்று காத்திருந்தாள் என்று இப்போது தோன்றுகிறது.

நான் சரி என்றேன், அப்பா.

இதை எழுதத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன். தை அமாவாசை முடிந்து வருகிற திங்கட்கிழமை கொண்டுபோய் விடுவதாக முடிவானது. அம்மா அவனுடைய சட்டை, பனியன், ஜட்டி ஒவ்வொன்றிலும் சிவப்பு நூலால் பெயர் தைக்க ஆரம்பித்தாள். நான் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தேன்.

தை அமாவாசைக்கு முன் அனுப்பக் கூடாது என்றது மாமாதான். "ஒரே பிள்ளை. அவன் கையால எள்ளும் தண்ணியும் இறைச்சாதான் அத்தானுக்கு ஆறும். அவருக்கு ஆறினா இவனுக்கும் அடங்கிடும்." கார் வைத்துக்கொண்டு கோவளம் போனோம். காலையிலேயே நல்ல கூட்டம், காற்று, மைக்கில் மந்திரம். சேதுவின் கையை மாமா பிடித்துக்கொள்ள, ஐயர் எள்ளை வைத்தார். அவ்வளவுதான். எள்ளை உதறிவிட்டுத் தன் கன்னத்தில் அறைந்துகொள்ள ஆரம்பித்தான். பிடிக்கப் போன அம்மாவை முழங்கையால் இடித்ததில் அவள் ஈர மணலில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் நின்ற ஒருவர் போனை எடுத்துப் படம் பிடித்தார். இவனை இங்கேயே விட்டுவிட்டு ஓடிவிடலாம் என்று ஒரு நொடி நினைத்தேன். ஒரே ஒரு நொடிதான், ஆனால் நினைத்தேன்.

கூட்டத்திலிருந்து தள்ளி, படகெல்லாம் நிற்கிற பக்கமாக அவனை இழுத்துக்கொண்டு வந்தோம். அங்கே மீன் விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மா எங்களையே பார்த்தார்.

"இன்னாமா, புள்ளைக்குப் பல்லு வலியா? கன்னத்தையே அட்ச்சிகினு கீது?"

"பல்லு வலியெல்லாம் இல்லம்மா. அவனுக்கு ஆட்டிசம். பேச வராது" என்றார் மாமா, எரிச்சலாக.

"பேச்சு வர்லன்னா பல்லு வலிக்காதா சார்? ஒரு பக்கமா வீங்கிகினு கீது பாரு."

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு சங்கரா மீனைத் திருப்பிப் போட்டுத் தண்ணீர் தெளிக்கப் போய்விட்டார். நான் சேதுவின் முகத்தைப் பார்த்தேன். மூன்று மாதமாகப் பார்த்த முகம். வலது தாடை லேசாக வீங்கியிருந்தது. அறைந்துகொண்டதால் வந்த வீக்கம் என்று இத்தனை நாளும் நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் வேலை என்ன என்று உனக்குத் தெரியும். தண்ணீர் சுத்தம் செய்கிற மெஷின் கெட்டுப்போனால் ஜனங்கள் போன் பண்ணுவார்கள், நான் எடுப்பேன். எப்ப ஆரம்பிச்சது சார், எந்தப் பக்கம் ஒழுகுது, அதுக்கு முன்னாடி எதையாவது மாத்தினீங்களா. முன்பின் தெரியாதவர்களிடம் நாளெல்லாம் கேட்கிறேன். என் தம்பிக்காக ஒருநாள்கூட ஒருத்தரிடமும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை, ஏனென்றால் பதில் எனக்கு முன்னாலேயே தெரியும் என்று நினைத்தேன். பதில் நீதான் என்று நினைத்தேன்.

தாம்பரத்தில் ஒரு பல் டாக்டர். சின்னப் பெண், என் வயதுதான் இருக்கும். நாற்காலியில் அவன் உட்காரவில்லை என்றதும் அவளும் தரையில் உட்கார்ந்தாள். அவன் கத்தியபோது டார்ச்சை அடித்துப் பார்த்துவிட்டாள். கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று முழுக்கச் சொத்தை, வேரில் சீழ். பக்கத்துப் பல்லும் போய்க்கொண்டிருந்தது. "பெரியவங்களே அழுதுருவாங்க இதுக்கு. எவ்ளோ நாளா இருக்கு?" என்றாள். அப்புறம், "யாரு இவனுக்குப் பல்லு விளக்கி விடுறது?"

"அவங்க அப்பா" என்றாள் அம்மா.

கண்ணாடி முன்னால் அவனுக்குப் பின்னால் நின்றுகொண்டு நீ விளக்கிவிடுவாய். நீ போன பிறகு பிரஷ்ஷில் பேஸ்ட்டை வைத்துக் கையில் கொடுத்தோம். அவன் அதைக் கடித்துச் சப்பிக்கொண்டு நிற்பான். பல் விளக்குகிறான் என்று நாங்கள் விட்டுவிட்டோம். உன் வேலைகளைப் பங்கு போட்டுக்கொண்டபோது கேஸ் புக் பண்ணுவது, கரண்ட் பில், மாடித் தண்ணீர்த் தொட்டி எல்லாம் யார் யாருக்கு என்று பேசினோம். இந்த வேலை ஒன்று இருக்கிறது என்றே எங்களுக்குத் தெரியவில்லை.

மயக்கம் கொடுத்துத்தான் எடுக்க முடியும் என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். கையெழுத்துப் போடும் இடத்தில் அம்மா பேனாவை என்னிடம் தள்ளிவிட்டாள். மயக்கத்தில் போய் அவன் திரும்பி வராவிட்டால்? நீயும் சும்மா உட்கார்ந்தவன்தானே, திரும்பி வந்தாயா? போட்டேன். உள்ளே கொண்டுபோன அந்த நேரம் முழுக்க என் கையில் அவன் செருப்பு இருந்தது.

வந்துவிட்டான் அப்பா. நாலாம் நாள் மூன்று தோசை சாப்பிட்டான். அறைவது நின்றுவிட்டது. திங்கட்கிழமை வந்தது, போனது, யாரும் கூடுவாஞ்சேரிப் பேச்சை எடுக்கவில்லை. மருந்தை டாக்டர் படிப்படியாகக் குறைத்துவிட்டார்.

இனி எல்லாம் சுபம் என்று நான் எழுதுவேன் என்று பார்க்கிறாயா? இன்னொரு அசிங்கமான விஷயமும் சொல்லிவிடுகிறேன். அவனுக்குச் சரியானபோது எனக்குள்ளே சின்னதாக ஒரு ஏமாற்றம். அவ்வளவு நாளும் அவன் உனக்காக அழுகிறான் என்று நம்பியிருந்தேன். பல்லைப் பிடுங்கியதும் அதுவும் போய்விட்டது. உன்னை அவன் தேடுகிறானா, இல்லையா? நீ வரும் ரயில் நேரத்துக்கு வாசலில் போய் நிற்கிறானே, அது உனக்காகவா, பழக்கமா? உன்னிடம் கேட்டால் மட்டும் தெரியுமா?

இன்று காலையில் மறுபடியும் ஆரம்பித்தது, தன் கையைத் தானே கடித்துக்கொண்டான். தட்டைத் தள்ளினான். அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. எனக்கு அந்தப் பழைய பயம் அப்படியே திரும்பி வந்தது. தரையில் உட்கார்ந்தேன். வாயைத் திறக்க வைத்து டார்ச் அடித்தேன், காதைப் பார்த்தேன், வயிற்றை அமுக்கினேன், நகம், பாதம், அக்குள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. ஒன்றும் இல்லையா, எனக்குப் பார்க்கத் தெரியவில்லையா? எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத ஒருவன் பக்கத்தில் எத்தனை வருஷம் இப்படி டார்ச்சோடு உட்காரப் போகிறேன்? அம்மாவும் போன பிறகு? நானும் போன பிறகு?

அந்த நேரம் பார்த்துக் குமார் மாமா போன் பண்ணினார். விடுதியில் அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறதாம், கேட்கிறார்களாம். பின்னால் இவன் அலறுவது அவருக்கும் கேட்டிருக்கும். "வேற யாருக்காவது குடுக்கச் சொல்லுங்க மாமா" என்றேன். வைத்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். இதை எழுதும்போதும் அங்கேதான் இருக்கிறேன். நாளைக் காலையில் டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். இந்தத் தடவை கதை எதுவும் கொண்டுபோகவில்லை, பார்த்ததை மட்டும் சொல்லப் போகிறேன்.

அப்பா, பயப்பட மாட்டேன் என்று உனக்குச் சத்தியம் பண்ண முடியாது. அவன் கையைத் தூக்கினால் இன்னும் தலையைக் குனிந்துகொள்கிறேன். ஆனால் இதற்குச் சத்தியம்: ஒருநாள் அவன் வேறு எங்காவது இருக்க வேண்டி வந்தால், அது அவனுக்கு நல்லது என்பதற்காக இருக்கும். எனக்குப் பயமாக இருந்தது என்பதற்காக இனி ஒருபோதும் சரி என்று சொல்ல மாட்டேன்.

உன் பொண்ணு,
சேதுவோட அக்கா,
வித்யா