மூன்றாவது கையெழுத்து

கெனோஷா, விஸ்கான்சின்
மார்ச் 20, 2011, ஞாயிறு

அன்பு மகன் வெண்டலுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம், அப்பாவின் இருமல் ஒன்றைத் தவிர. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அலாஸ்காவில் இருந்தாலும் கோடியாக்கில் எங்களைவிடக் குளிர் குறைவு என்று வானிலைச் செய்தியில் சொன்னார்கள். நான் நம்பவில்லை. அனுப்பிய கம்பளிக் காலுறைகளைப் போட்டுக்கொள். மீன் ஆலையின் குளிர்சாதனங்களைப் பராமரிப்பவனுக்கே கால் விறைத்துப்போனால் ஊர் சிரிக்கும்.

உறையைப் பிரித்ததும் உள்ளே இருக்கிற இரண்டு பக்கத் தாளைத்தான் முதலில் எடுத்திருப்பாய். அதைக் கீழே வைத்துவிட்டு இந்தக் கடிதத்தைப் படி. பத்திரப்பதிவு அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன், கோபத்தில் படிக்காமலே கிழித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டாவது ரகம் நீ. அப்பாவும் அதே அச்சுதான்.

பிப்ரவரி பனிப்புயலைப் பற்றி உன் அக்கா போனில் சொல்லியிருப்பாள். கார் எங்கே நிற்கிறது என்றே தெரியவில்லை. மறுநாள் மதியம் மின்சாரம் போயிற்று. வீட்டில் ஹீட்டர் ஓடவில்லை, அடுப்பு எரியவில்லை. உன் அப்பாவுக்கு அதெல்லாம் கண்ணில் படவே இல்லை. இடுப்பளவு பனியில் பக்கத்து வீட்டு ஹாலோரனிடம் போய், அவருடைய ஜெனரேட்டரை ஒரு சறுக்கு வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். எதற்கு என்கிறாய்? தரைக்கடி அறையின் மூலையில் நிற்கிறதே, காசு போட்டு ஆடுகிற அந்தப் பழைய படகு வீடியோ ஆட்ட மெஷின், அதற்கு. அதற்கு ஒரு யு.பி.எஸ். வேறு டிசம்பரிலேயே வாங்கி வைத்திருக்கிறார். அது இருபது நிமிஷம் தாங்குமாம், அதற்குள் ஜெனரேட்டர் வரவேண்டுமாம். நான் மேலே மூன்று ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்தேன், கீழே மெஷின் சுகமாக ஓடிக்கொண்டிருந்தது. ஏன் இப்படி என்று கேட்டதற்கு, பழைய திரையை அணைத்து அணைத்துப் போட்டால் கெட்டுவிடும் என்றார். அன்றைக்குப் பிடித்த இருமல்தான் இன்னும் விடவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ வீட்டை விட்டுப் போன நாளைப் பற்றி நான் இதுவரை ஒரு வரிகூட எழுதியதில்லை. இன்றைக்கு எழுதித்தான் ஆகவேண்டும்.

அந்த மாதிரி நான்கு ஆட்டங்களை ஒரே பழைய சர்க்யூட் போர்டில் ஓட்ட முடியும் என்று நீ முதலில் சொன்னபோது அப்பா சிரித்தார். நான்கும் ஒரே கம்பெனி செய்தவைதான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் நிறம் வேறு, சத்தம் வேறு, கலந்தால் கூழாகிவிடும் என்கிற அர்த்தத்தில் ஏதோ சொன்னார். நீ எட்டு மாதம் தரைக்கடியிலேயே கிடந்தாய். கடைசியில் உள்ளங்கை அளவில் ஒரு சின்ன போர்டு, அதற்குப் பெயர் ‘கிட்’ என்றாய். பழைய போர்டின் பிராசஸரைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் இதைச் செருகினால் நான்கும் ஓடிற்று, நிறம்கூடப் பிசகவில்லை. அப்பா இரண்டு நாள் குறை தேடினார். கிடைக்கவில்லை. அதற்கு மேல் அவர் யாரையும் பாராட்டி நான் பார்த்ததில்லை.

பிறகுதான், யாரிடம் அனுமதி வாங்கினாய் என்று கேட்டார். இந்தத் தொழிலில் யாருமே கேட்பதில்லை, நாற்பது பேர் ஏற்கெனவே ஆர்டர் கொடுத்துவிட்டார்கள் என்று நீ சொன்னாய். நன்றி நவிலும் நாள் சாப்பாட்டு மேஜையில் அவர் அந்த வார்த்தையைச் சொன்னார்: "கேக்காம எடுத்து விக்கிறதுக்குப் பேரு திருட்டு. திருடனுக்கு இந்த மேஜைல எடம் இல்ல." நீ முள்கரண்டியைக் கீழே வைத்தாய். உனக்காகச் சுட்ட பூசணி இனிப்பைத் தொடக்கூட இல்லை.

கேட்காமல் விற்கப் பார்த்தது உன் தப்புதான். பெற்றவள் என்பதற்காக நான் அதை மாற்றிச் சொல்லமாட்டேன். ஆனால் அந்த வார்த்தை அதிகம், அதையும் அவரிடம் அன்றே சொன்னேன். அவருடைய பயம் உனக்குத் தெரியும். இருபத்து நான்கு வயதில், முதலாளி வாங்கிக் கொடுத்த திருட்டு போர்டுகளை மெஷின்களில் மாட்டியதற்காகக் கோர்ட்டில் நின்றவர். அவருடைய அம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாராம். சூடு கண்ட பூனை. அந்தப் பூனை உன்னைப் பிறாண்டிவிட்டது.

நீ போன பிறகு அவர் என்ன செய்தார் என்பது உனக்குத் தெரியாது. நாற்பது பேருக்கும் தனித்தனியாக எழுதி, லைசென்ஸ் கிடைக்காமல் எதுவும் கிடையாது என்று சொல்லிவிட்டார். அப்புறம் லைசென்ஸைத் தேடக் கிளம்பினார். அந்தக் கம்பெனி இழுத்து மூடி இருபத்தாறு வருடமாகிறது. அதன் சொத்தை ஒரு வங்கி எடுத்தது, வங்கியிடமிருந்து இன்னொரு கம்பெனி வாங்கியது, அதுவும் இப்போது இல்லை. அப்பா கைவிடுகிற நிலைக்கு வந்துவிட்டார். அப்போதுதான் உன் அம்மா களத்தில் இறங்கினாள். சிகாகோவில் பழைய பதிவேடுகளைப் பார்க்கிற ஒரு பெண்ணிடம், குமாஸ்தாவுக்குக் குமாஸ்தா என்கிற முறையில் போனில் பேசினேன். மூன்று வாரம் கழித்து ஒரு நகல் வந்தது. கம்பெனி மூடுவதற்கு ஒரு மாதம் முன்பே, அந்த நான்கு ஆட்டங்களின் உரிமையையும் அவற்றின் நிரலை எழுதியவர் பெயருக்கே மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். மார்ஜரி ஹாடிக்ஸ், டுபியூக், அயோவா. நான் சமையலறையில் ஒரு சுற்று ஆடினேன். ஆமாம், இந்த முழங்காலோடு.

அப்பா எழுதினார். ஒரே வரியில் பதில் வந்தது: வேண்டாம், இதெல்லாம் பார்த்து அலுத்துவிட்டேன். அவர் விடவில்லை. இன்னும் நான்கு கடிதம். கடைசியில் அந்த அம்மாளே, ராசினில் இருக்கும் தங்கையைப் பார்க்க வருகிறேன், வழியில் அரைமணி நேரம் தருகிறேன் என்று எழுதினார்.

நேற்று காலை வந்தார். வயது அறுபத்தெட்டு. பனிக்காலணி, காதில் கேட்கும் கருவி, கையில் பின்னல் பை. நான் கிரிங்கிள் இனிப்பு ரொட்டி வாங்கி வைத்திருந்தேன், அதைப் பார்த்த பிறகுதான் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. தரைக்கடிக்குப் போனோம். நீ செய்த கிட்டை மாட்டி வைத்திருந்த இன்னொரு மெஷின் முன்னால் அவரை உட்காரவைத்து, அப்பா விளக்க ஆரம்பித்தார். நிறுத்துகிற மாதிரி இல்லை. அந்த அம்மாள் திரும்பிப் பார்க்காமலே, "லீராய், இதை எழுதினதே நான்தான். கொஞ்சம் வாயை மூடுறீங்களா?" என்றார். முப்பது வருடமாக நான் சொல்ல நினைத்ததை ஒரு விருந்தாளி சொல்லிவிட்டுப் போகிறார்.

அவர் ஆட்டமே ஆடவில்லை. படகு ஆட்டத்தை எடுத்தார். அது தொடங்குவதற்கு முன் இரண்டு பொத்தான்களையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஜாய்ஸ்டிக்கை இடதுபக்கம் ஆறு தடவை தள்ளினார். திரையில் இருந்த பனிக்கட்டிகள் உடைந்து விலகின. நடுவில் மூன்று எழுத்துகள் வந்து நின்றன: எம், ஜே, எச்.

அந்த அம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தக் காலத்தில் எழுதியவர்களின் பெயரைத் திரையில் போடக் கம்பெனி விடாதாம். அதனால் தன் பெயரின் முதலெழுத்துகளை யாருக்கும் தெரியாமல் ஒளித்து வைத்தாராம். ஆட்டத்துக்கு அது தேவையே இல்லை என்பதால், கிட் செய்கிறவர்கள் அதைக் குப்பை என்று நினைத்து வெட்டிவிட்டு, அந்த இடத்தில் இன்னொரு ஆட்டத்தை நுழைத்துவிடுவார்களாம்.

"இதுவரைக்கும் ஆறு பேரு எனக்குக் கிட் அனுப்பியிருக்காங்க," என்றார். "ஆறுலயும் இதைத்தான் மொதல்ல பாத்தேன். ஒருத்தன்கூட வெக்கல. இதை யாரு செஞ்சது?"

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. போன கோடையில் ஐந்தாவது ஆட்டத்துக்கு இடம் போதவில்லை என்று நீ ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டாய். மற்றவன் கிட்டில் ஐந்து இருக்கிறதே, உனக்கு ஏன் நான்கோடு நின்றுவிட்டது என்று அப்பா குத்திக் காட்டினார். முகம் தெரியாத ஒரு பெண்ணின் மூன்று எழுத்துக்காக ஒரு முழு ஆட்டத்தை விட்டுக்கொடுத்துவிட்டு, அதை யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறாய். வெண்டல், உன்னைப் பெற்றதற்கு நான் பெருமைப்பட்ட நாட்கள் உண்டு. நேற்றைப் போல ஒரு நாள் இல்லை.

என் மகன்தான் செய்தான் என்று அப்பா சொன்னார். அவன் எங்கே என்றார் அந்த அம்மாள். அலாஸ்காவில் என்றார் அப்பா.

"அப்ப நீங்க விக்கப் போறது அவனோட வேலை. அவன்கிட்ட அனுமதி கேட்டீங்களா?"

ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த மனிதர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் உதவிக்குப் போகவில்லை, வேண்டுமென்றேதான் போகவில்லை.

"இல்ல. கேக்கல," என்றார். "அவனத் திருடன்னு சொன்னேங்க. இந்த எழுத்து இதுக்குள்ள இருக்கறது எனக்குத் தெரியாது," என்றார். குரல் உடைந்ததற்கு இருமல்தான் காரணம் என்று பிறகு என்னிடம் சாதித்தார். இருமட்டும்.

மார்ஜரி அங்கேயே சம்மதித்துவிட்டார். அவருக்கு ஒரு கிட் வேண்டும், மூன்று எழுத்து எக்காலத்திலும் இருக்கவேண்டும், கிட்டைச் செய்தவனும் கையெழுத்துப் போடவேண்டும். பெரிய நிபந்தனை இவ்வளவுதான், மீதியைத் தாளில் படித்துக்கொள். ஒப்பந்தத்தை அப்பாவே இரண்டு விரலால் தட்டச்சு செய்தார். இரண்டு மணி நேரமாயிற்று. அந்த அம்மாளின் அரைமணி நேரம், மதியச் சாப்பாடு வரை நீண்டுவிட்டது.

அந்தத் தாளில் மூன்று இடம் இருக்கிறது. மார்ஜரி கையெழுத்துப் போட்டுவிட்டார். அப்பா போட்டுவிட்டார். மூன்றாவதில் உன் முழுப் பெயர், நீ வெறுக்கிற அந்த அலோய்சியஸ் உட்பட. கீழே இரண்டு கட்டங்கள்: அனுமதிக்கிறேன், அனுமதிக்கவில்லை. இரண்டாவது கட்டம் எதற்கு என்று நான் கேட்டேன். "மாட்டேன்னு சொல்ல எடம் இல்லாட்டி அது கேக்கறதே இல்ல, எடித்," என்றார். நீ இரண்டாவதில் குறியிட்டால் கிட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுவாராம், நாற்பது பேரும் எக்கேடும் கெட்டுப் போகட்டுமாம். அவர் சொன்னால் செய்வார், தெரியும் உனக்கு.

தாளை மட்டும் அனுப்பு, கடிதமெல்லாம் வேண்டாம், அவன் மனசை நாம் திருப்பக் கூடாது என்று வேறு சொல்லியிருக்கிறார். விலாசத்தை மூன்று தடவை சரிபார்த்தார். பதில் உறையில் தபால்தலையும் ஒட்டிக் கொடுத்தார். நான் தலையை ஆட்டிவிட்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். என்னை யாரும் அனுமதி கேட்கச் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். கிளம்பும்போது மார்ஜரி, மூலையில் ஓடிக்கொண்டிருந்த பழைய படகு மெஷினின் முன்னால் நின்றார். ஸ்கோர் பட்டியலில் முதல் இடத்தில் நான்கு லட்சத்துப் பன்னிரண்டாயிரம், பக்கத்தில் உன் பெயரின் மூன்று எழுத்து. நீ போன அன்று காலையில் எடுத்தது. அந்த அம்மாள் என் காதருகே குனிந்து சொன்னார்: "இந்த போர்டுக்கு ஞாபகசக்தி கிடையாதும்மா. ஒரு தடவை அணைச்சா பட்டியல் மொத்தமும் போயிடும். எத்தனை நாளா இது ஓடுது?"

நவம்பரிலிருந்து என்று சொன்னேன். அப்போதுதான் எனக்கும் புரிந்தது, யு.பி.எஸ்., ஜெனரேட்டர், இருமல் எல்லாம்.

எந்தக் கட்டத்தில் குறியிடுவது என்பது உன் உரிமை. நான் கேட்பது வேறு. மீன் பருவம் முடிந்து ஒரு வாரமாவது விடுமுறை கிடைத்தால் வீட்டுக்கு வா. அந்த மெஷினை அணைக்க அவருக்கு மனசு வராது, எனக்கு உரிமை கிடையாது. நீயே வந்து அணை.

கடவுள் உன்னைக் காக்கட்டும். காலுறை போட்டுக்கொள்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்
அம்மா
எடித் குபியாக்