மச்சானின் நாள் பாஸ்

மச்சான்,

துவைக்கப் போடுவதற்காகச் சட்டைப் பையைத் துழாவியபோது ஒரு கைப்பிடி பஸ் டிக்கெட்டுகள் வந்தன. எல்லாம் சென்னை டிக்கெட்டுகள். ஒவ்வொரு பயணத்துக்கும் தனித்தனியாக வாங்கியவை. வியர்வையில் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அவற்றைப் பிரித்து வாசலில் வெயில் விழும் இடத்தில் பரப்பினேன். நம் கணவாய்க் காற்றுதான் உங்களுக்குத் தெரியுமே, எதையும் தூக்கிக்கொண்டு போய்விடும். அதனால் ஒவ்வொன்றின் மேலும் ஒரு கூழாங்கல் வைத்தேன்.

"ஏனுங்க, வடகமா காயப்போடறீங்க?" என்று கேட்டாள் என் மனைவி. உங்களுக்குக் காட்டத்தான் பரப்பினேன். நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள், மூன்று பேர், ஒரு பாஸ்கூட வாங்கவில்லை.

நீங்கள் என் அக்காவின் கணவர், எங்கள் வீட்டுக்கு ஒரே மாப்பிள்ளை. கோபாலபுரம் சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம், கேரளத்தில், நம் வீடுகள். அந்தப் பக்கம் பொள்ளாச்சியில், தேங்காய் மண்டியில் உங்கள் வேலை. எல்லைவரை வரும் கேரள பஸ்ஸுக்கு ஒரு பாஸ், அங்கே இறங்கி ஏறும் தமிழ்நாட்டு பஸ்ஸுக்கு ஒரு பாஸ். இரண்டையும் ஒரே பிளாஸ்டிக் உறைக்குள் முதுகோடு முதுகாகச் செருகி வைத்திருப்பீர்கள். கண்டக்டரின் பாஷைக்குத் தகுந்தபடி உறையைத் திருப்பிக் காட்டும்போது உங்கள் முகத்தில் ஒரு தாசில்தாரின் களை வந்துவிடும். "பாஸு வெச்சிருக்கறவனுக்கு பஸ்ஸு சொந்த வண்டியாட்டம்" என்பீர்கள். பட்டம் வாங்கியும் ஒவ்வொரு முறையும் சில்லறை தேடுகிற என்னைப் பார்த்து, "ஏனுங்க படிச்சவரே, காலேஜுல இதெல்லாஞ் சொல்லித் தரலீங்களா?" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி விசாரிப்பீர்கள். பஸ் சிரிக்கும். நானும் சிரித்துவைப்பேன்.

அதையெல்லாம் நான் மறந்துவிடக்கூடியவன் இல்லை. ஆனால் மன்னித்துவிடக்கூடியவன். மன்னிக்க முடியாதது வேறு.

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இழவுக்கு வந்தவர்கள் எல்லாரும் தங்கமான மனுசன் என்றார்கள். நானும் தலையாட்டினேன். உங்கள் பாடையின் முன்கழி என் தோளில்தான் இருந்தது. சுடுகாடுவரை ஒரே கேள்வியை மனதுக்குள் உங்களிடம் கேட்டுக்கொண்டே நடந்தேன். என் அம்மாவை எதற்காக அன்று முழுக்க நிற்கவைத்தீர்கள்?

செத்தவர் பதில் சொல்லமாட்டார். சரி, அக்கா சொல்லட்டும் என்று முடிவு செய்தேன். "அவரு பண்ணுனது தப்பு" என்று அவள் வாயால் ஒருமுறை கேட்டுவிட்டால் போதும், அதுதான் உங்களுக்கு நான் கொடுக்கும் தண்டனை. கார்த்திகாவுக்குச் சென்னையில் வேலை கிடைத்திருக்கிறது. தங்க இடம் பார்க்கப் போகவேண்டும், அம்மாவும் வருகிறாள், கூட வருகிறீர்களா மாமா என்று உங்கள் மகள் கேட்டதும் உடனே சரி என்றேன். தாய்மாமனின் பாசம் என்று அவள் நினைத்திருப்பாள்.

அந்தப் பழைய பயணத்தை நீங்கள் எப்படி நினைவில் வைத்திருந்தீர்களோ, எனக்குத் தெரியாது. நான் வைத்திருப்பது இப்படி.

நம் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்காகச் சென்னை போனோம். நீங்கள், அக்கா, அம்மா, நான், என் மனைவி. கல்யாணம் முடிந்த மறுநாள் பகல் முழுக்க நம் கையில் இருந்தது. இரவு ரயில். அம்மா வாழ்க்கையில் எதையும் கேட்டு வாங்கியவள் இல்லை. அன்று காலையில் மட்டும், யாரையும் பார்க்காமல், டீ டம்ளரைப் பார்த்தபடி, "இத்தன தூரம் வந்தது வந்தாச்சு. கடல ஒருக்காப் பாத்துப்போட்டுப் போலாமா?" என்றாள். கேரளத்தில் இத்தனை நீளக் கடற்கரை இருந்தும், கிழக்கு மூலையில் தென்னைக்கும் நெல்லுக்கும் தண்ணீர் கட்டியே அவள் காலம் போயிருந்தது.

நீங்கள் பஸ் நிலையக் கவுண்டருக்குப் போய் ஐந்து பேருக்கும் ஒருநாள் பாஸ்களோடு வந்தீர்கள். "எடுத்தாச்சு. இன்னிக்குப் பொழுதுக்கும் மெட்ராசு நம்முளுது" என்றீர்கள். அம்மா சொன்ன கடலைக் கடைசியில் வைத்தீர்கள். "கடலு எங்க போயரும்? அது அங்கியேதான் கெடக்கும். மொதல்ல பாஸுக்குப் புடிச்ச தூரம் போலாம்." பாஸுக்குப் புடிச்ச தூரம்! நகரத்தின் தெற்குக் கோடிக்கு ஒரு பஸ், அங்கிருந்து மேற்குக் கோடிக்கு ஒரு பஸ். எங்கும் எதையும் பார்க்கவில்லை. இறங்கினோம், அடுத்த பஸ்ஸில் ஏறினோம். வாங்கிய பாஸைத் தேய்க்கவேண்டும், அவ்வளவுதான்.

அதையும் பொறுத்திருப்பேன். ஆனால் அம்மா உட்காரவில்லை.

மாப்பிள்ளை நின்றுகொண்டிருக்கும்போது மாமியார் உட்காருவது நம் பக்கம் கிடையாது. நீங்கள் வீட்டுக்குள் வந்தால் அம்மா அரிவாள்மனையை விட்டு எழுந்துவிடுவாள். நீங்கள் கட்டிலில் அமர்ந்த பிறகும் கதவோரமாக நின்றுதான் பேசுவாள். வீட்டில் அது சில நிமிடக் காரியம். சென்னை பஸ்ஸில் அது ஒரு முழுப் பகலானது. ஏனென்றால் நீங்கள் உட்காரவே இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அஞ்சு பாஸ்!" என்று கண்டக்டருக்குக் குரல் கொடுத்துக்கொண்டு, வெளியே தெரிந்த மேம்பாலங்களைப் பற்றி எங்களுக்கு விளக்கிக்கொண்டு நின்றீர்கள்.

ஒரு பஸ்ஸில் கல்லூரிப் பெண் ஒருத்தி அம்மாவுக்காக எழுந்தாள். "இருக்கட்டுங் கண்ணு, நீ உக்காரு" என்றாள் அம்மா. அந்தப் பெண்ணோ எழுந்த இடத்தில் திரும்ப உட்காரக் கூச்சப்பட்டாள். இடம் காலியாகவே கிடந்தது. கண்டக்டர் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, சீட்டு காலியா கீது, குந்தேன். கால்ல சக்கரமா கட்டிக்கினு வந்துக்கிற?" என்றார். அம்மா சிரித்தாள். நீங்களும் சிரித்து, "அவிய அப்பிடித்தானுங்க" என்றீர்கள்.

அவிய அப்பிடித்தான். இந்த இரண்டு சொற்களுக்காக உங்களை எத்தனை முறை மனதுக்குள் தூக்கில் போட்டிருப்பேன்! அவள் ஏன் அப்படி என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் பின்புறத்தை அந்த இருக்கையில் வைத்திருந்தால் அடுத்த நொடி அவளும் உட்கார்ந்திருப்பாள். அவள் கால்கள் ஏற்கெனவே வீங்கும் கால்கள். மத்தியானத்துக்குள் செருப்பு வார் சதைக்குள் பதிந்துவிட்டது.

நான் ஓர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினேன். நீங்கள் ஆட்டோக்காரரிடமே நியாயம் கேட்டீர்கள். "ஏனுங்ண்ணா, கையில பாஸு வெச்சுட்டு ஆட்டோவுல போறவனப் பாத்தா என்னம்பீங்க?" அவர், "வள்ளல்னு சொல்வேன் சார், ஏறுங்க" என்றார். நல்ல மனிதர். ஆனால் அம்மா ஏறவில்லை. "மாப்ள சொல்றாப்பலயே போலாஞ் சாமி" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். மாப்பிள்ளையின் பேச்சைத் தாண்டி மகனின் வண்டியில் ஏறினால் மகளுக்குக் குறை வரும் என்ற பயம் அவளுக்கு.

கடற்கரைச் சாலைக்கு நம் பஸ் வந்தபோது இருட்டிவிட்டது. இறங்கி மணலில் நடக்க அம்மாவால் முடியாது என்று அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது. பஸ் நின்றது, கிளம்பியது. அவள் குனிந்து ஜன்னல் வழியாகப் பார்த்தாள். தெரிந்தது மணலும், சுண்டல் வண்டிகளின் விளக்கும்தான். "அந்த மண்ணுக்கு அக்கட்டாலயா கடலு?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "செரி, இருக்கட்டும்" என்றாள்.

ஊர் திரும்பியதும் படுத்தாள். காலில் புண் வந்தது. அடுத்த மழைக்காலத்தை அவள் பார்க்கவில்லை. டாக்டர் சர்க்கரை என்றார். நான் பாஸ் என்றேன், மனதுக்குள்.

இனி என் பழிவாங்கலைச் சொல்கிறேன்.

பயணத்துக்கு முன்பே கார்த்திகா கைபேசியும் கையுமாக வந்துவிட்டாள். உங்கள் ரத்தம் அல்லவா! "மாமா, பஸ்ஸுக்கு ஒரு பாஸ் இருக்கு, மெட்ரோவுக்கு ஒரு கார்டு இருக்கு. நாம ரெண்டு நாள் தங்கறோம், நாலஞ்சு எடம் போறோம். எது எடுத்தா லாபம்னு பாத்துச் சொல்லுங்க."

"எதுவும் வேண்டாம்."

"நஷ்டம் மாமா!"

"ஆகட்டும்."

அக்கா பக்கத்திலிருந்து, "அவரு இருந்திருந்தா இந்நேரம் ரெண்டையும் எடை போட்டுப் பாத்திருப்பாரு" என்றாள்.

"அதுக்குத்தான் வேண்டாங்கறேன்" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

மச்சான், பாஸ் இல்லாமல் ஊர் சுற்றுவது எத்தனை சுகம் என்பது உங்களுக்குத் தெரியாமலே போய்விட்டது. வேண்டாத இடத்துக்குப் போகவேண்டிய கட்டாயம் இல்லை. கால் வலித்தால் ஆட்டோ. கூட்டமாக இருந்தால் அந்த பஸ் போகட்டும், அடுத்தது. பெண்களுக்கு இலவசமான பஸ்களைக்கூட விட்டுவிட்டு, ஒவ்வொரு முறையும் கண்டக்டரிடம் மூன்று டிக்கெட் என்று சொல்லும்போது உங்கள் முகம் சுருங்குவது எனக்குத் தெரிந்தது. ஒருமுறை வேண்டுமென்றே ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, மறுபடி டிக்கெட் வாங்கி ஏறினேன். "மாமாவுக்கு என்னமோ ஆயிப்போச்சும்மா" என்றாள் கார்த்திகா. அக்காவை ஒவ்வொரு பஸ்ஸிலும் ஜன்னலோரம் உட்காரவைத்தேன். இடமில்லாத பஸ்ஸில் ஏறவிடவில்லை.

கடலை மட்டும் கடைசியில் வைக்கவில்லை. ரயிலிலிருந்து இறங்கி, பையைக்கூட அறையில் வைக்காமல், முதலில் அங்கேதான் போனோம். காலை வெயில் ஏறியிருக்கவில்லை. கார்த்திகா செருப்பைக் கழற்றிக்கொண்டு தண்ணீருக்கு ஓடினாள். அக்காவும் நானும் ஈர மணலுக்குச் சற்று இப்பால் உட்கார்ந்தோம். வழிநெடுக மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்த கேள்வியைக் கேட்டேன்.

"அன்னிக்கு மச்சான் பண்ணுனது தப்புதானே அக்கா? அம்மாள நிக்கவெச்சுக் கொன்னாரே!"

அக்கா அலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்னிக்கு ராத்திரி ரயில்ல அவரு என்ன சொன்னாருன்னு உனக்குத் தெரியுமாடா?"

"பாஸுல எவ்வளவு மிச்சம்னு சொல்லியிருப்பாரு."

"காலு ரெண்டையும் நீட்டிப்போட்டு, புடிச்சு உடுன்னாரு. 'உங்கம்மா நாள் பூராவும் உக்காரவே மாட்டேன்னுட்டாங்க. பெரியவிய நிக்கறப்ப நான் எப்பிடி உக்கார்றது? எனக்கு இடுப்பே உட்டுப்போச்சு'ன்னு பொலம்புனாரு."

அலை ஒன்று வந்து போனது.

"நீங்க உக்காந்தாத்தான் அவிய உக்காருவாங்கன்னு நீ சொல்லியிருக்கலாமே!" என் குரல் உயர்ந்துவிட்டது. பலூன்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"ஆருகிட்டடா சொல்லச் சொல்ற? அத்தன பேரு முன்னால அவருகிட்டச் சொன்னா, பொண்டாட்டி புத்தி சொல்றாளாம்பாங்க. அம்மாகிட்டச் சொன்னா, மாப்ள மேல மருவாதி இல்லாத பண்ணச் சொல்றாளேன்னு அவிய அழுவாங்க. ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தரு நின்னாங்க. நடுவால நான் உக்காந்திருந்தேன். எனக்கு எப்பிடி இருந்திருக்கும்?"

மணலை விரலால் கிளறினேன். பிறகு, "இது நெசமா, இல்ல புருசன உட்டுக்குடுக்கக் கூடாதுன்னு சொல்றியா?" என்று கேட்டேன்.

"நம்பினா நம்பு. செத்தவர எதுக்குடா இழுத்துட்டுத் திரியற? உட்டுப்போடு" என்று எழுந்து, சேலை மணலைத் தட்டிக்கொண்டு மகளிடம் போனாள்.

நான் கேட்கவந்த சொற்களை அவள் சொல்லவில்லை. கடைசிவரை சொல்லவும் இல்லை.

அன்றிலிருந்து இதைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன், மச்சான். உங்களைப் போன்ற ஒருவருக்கு இடுப்பு உட்டுப்போகும்வரை நிற்கிற அளவு மரியாதை உள்ளே இருந்தது என்று நம்புவது எனக்குச் சிரமமாக இருக்கிறது. வேண்டாவெறுப்பாக நம்புகிறேன். அக்கா பொய் சொல்லத் தெரியாதவள். ஆகவே நின்றதற்கான குற்றத்தை உங்கள் மேலிருந்து எடுத்துவிடுகிறேன். அதுவரைக்கும்தான். கடலைக் கடைசியில் வைத்தது நீங்கள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அதைக் காலையிலேயே முடித்துவிட்டு, பிறகு உங்கள் பாஸை ராத்திரிவரை தேய்த்திருக்கலாம். அதற்கு எந்த மரியாதையும் சமாதானம் ஆகாது. அதற்கு உங்களை விடமாட்டேன்.

ஊர் வந்த மறுநாள் உங்கள் வீட்டுக்குப் போனேன். கையில் அம்மாவின் படம். என் மகளின் காதுகுத்தன்று எடுத்தது. மஞ்சள் சேலையில், பிளாஸ்டிக் நாற்காலியில், இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். அன்று மண்டியில் லோடு என்று நீங்கள் தாமதமாக வந்தீர்கள். நீங்கள் வருவதற்கு முன்னால் எடுத்த படம் என்பதால்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

"இதை மச்சான் படத்துக்கு நேர் எதிர்ச் செவுத்துல மாட்டணும்" என்றேன்.

அக்கா படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தாள். "அவரு முன்னாலயா? உக்காந்துட்டா?" என்றாள்.

"ஆமா. உக்காந்துட்டுத்தான்."

திட்டுவாள் என்று நினைத்தேன். உள்ளே போய் ஆணியும் சுத்தியலும் எடுத்துவந்தாள். நான் கை நீட்டியும் கொடுக்கவில்லை. முக்காலி போட்டு ஏறி அவளே அடித்தாள். சுவர்க் காரை உதிர்ந்து அவள் தலையெல்லாம் வெள்ளையானது. படத்தை மாட்டி, இறங்கி, தள்ளி நின்று பார்த்து, "கோணலா இருக்குது பாரு" என்று மறுபடி ஏறி நேராக்கினாள்.

நீங்கள் இருக்கும் படம் நின்றபடி எடுத்தது. இனி அந்தக் கூடத்தில் நீங்கள் நின்றுகொண்டே இருப்பீர்கள். அம்மா உங்களுக்கு எதிரில் உட்கார்ந்தே இருப்பாள்.

அவள் பார்க்காத கடலுக்கு மட்டும் மாட்டச் சுவர் இல்லை. அது என்னோடேதான் இருக்கிறது.