வெள்ளைத் திரைக்கு முன்னால் வெள்ளைச் சட்டை

அன்புள்ள பொம்முவுக்கு,

நீயும் பாப்பாவும் சுகமா? அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன். கொஞ்சம் ஜலதோஷம், அவ்வளவுதான், பயப்படாதே.

நேற்று எங்கள் ஸ்டுடியோவுக்கு ஒரு பெரியவர் பாஸ்போர்ட் படம் எடுக்க வெள்ளைச் சட்டையில் வந்தார். பாஸ்போர்ட் படத்துக்குப் பின்னால் வெள்ளைத் திரைதான் கட்டவேண்டும். எடுத்துப் பார்த்தால் சட்டை திரையோடு கலந்துபோய்த் தலை மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. "என்னப்பா, அதுக்குள்ள என்னை மேல அனுப்பிட்டியா?" என்றார். என் நீலச் சட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். அதைப் பார்த்து வரிசையில் இருந்த இன்னும் நாலு பேர் கேட்டார்கள். ஏசிக்கு நேரே ஒன்றரை மணி நேரம் பனியனோடு நின்றேன். என் சட்டை ஐந்து பாஸ்போர்ட்டில் ஏறிவிட்டது. எனக்குத்தான் இன்னும் ஊருக்கு வர லீவு கிடைக்கவில்லை.

நீயும் பாப்பாவும் அங்கே ஸ்டுடியோவில் எடுத்த படம் வந்தது. பின்னால் அருவித் திரை. நாள் முழுக்கத் திரையை ஏற்றி இறக்குகிறவன் நான். கண் முதலில் அங்கேதான் போகிறது, கோபித்துக்கொள்ளாதே. அடுத்த படத்தை நம் சமையலறையில் எடு. கழுவாத பாத்திரத்தைக்கூட ஒதுக்காதே. பாப்பாவின் உயரத்துக்குச் சுவரில் கோடு போடுவேனே, அதன் பக்கத்தில் அவளை நிறுத்து.

முதலாளி கூப்பிடுகிறார். இன்றும் யாரோ வெள்ளைச் சட்டையில் வந்திருக்கிறாராம். நான் கடைசியாகப் போட்ட கோடு இப்போது அவள் காதுக்கு வருகிறதா, தோளுக்கு இறங்கிவிட்டதா? அதை மட்டுமாவது உடனே எழுது.

உன்னுடையவன்