பேர் சொல்லிக் கூப்பிட்டவள்

ராஜபாளையம்
14-2-1988

அன்பு மகன் தங்கச்சாமிக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். இந்தச் சொல்லைப் போன வாரம்வரை எழுத முடியவில்லை. அதனால்தான் உன் கடிதங்களுக்குப் பதில் இல்லை. மில்லில் வேலை அதிகம் என்று பொய் எழுதலாம். நீயும் சூரத்தில் மில்லில் இருப்பவன், நம்ப மாட்டாய்.

விஷயம் உன் தங்கை செல்லக்கனியின் வீட்டுக்காரரைப் பற்றியது. பயப்படாதே, மாப்பிள்ளை இப்போது நன்றாக இருக்கிறார். பொங்கல் கழிந்து ஒருநாள், பிளவக்கல் அணைக்கு மேலே ஓடையோரம் மாடு மேய்க்கப் போனவர் வீடு திரும்பவில்லை. அவர் ஊர் வ. புதுப்பட்டி ஆட்கள் தேடிப் போனால், கன்னிமார் பாறையில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார். வீட்டுக்குக் கூட்டி வந்தால் விடிந்ததும் மறுபடி அங்கேதான். பெற்ற தாயைத் தெரியவில்லை. செல்லக்கனியை, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

அந்த ஓடையில் உச்சி வெயிலில் யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே பதில் சொல்லக் கூடாது. தண்ணீரில் குடியிருக்கும் கன்னிமார் இரண்டு தடவைதான் கூப்பிடுவார்களாம். மூன்றாம் தடவையும் கேட்டால்தான் மனுஷக் குரல். அந்த ஊரில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் இது தெரியும். ஆனால் மாப்பிள்ளை முதல் தடவையிலேயே, “இந்தா வாரேன்!” என்று சந்தோஷமாகச் சத்தம் கொடுத்ததை விறகு பொறுக்கப் போன மாரியாத்தாள் கேட்டிருக்கிறாள்.

ஏன் அப்படிச் செய்தார் என்பதைச் செல்லக்கனிதான் அழுதுகொண்டே சொன்னாள். கல்யாணம் ஆன நாள் முதல், “ஏட்டி, ஒரே ஒரு தடவை பால்பாண்டின்னு என்னைக் கூப்பிடேன்” என்று கெஞ்சுவாராம். இவள், “போங்க அங்கிட்டு, புருசன் பேரைச் சொன்னா நாக்கு அழுகிப்போகும்” என்பாளாம். அன்று காலையில் மனசு இளகி, “மத்தியானம் ஓடைக்குக் கஞ்சி கொண்டாருவேன்ல, அங்க யாரும் இல்லாதப்போ சொல்லுதேன்” என்றிருக்கிறாள். மாப்பிள்ளை காலையிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்திருக்கிறார். பெண்குரலில் பேர் கேட்டதும் இவள்தான் வந்துவிட்டாள் என்று பதில் சொல்லிவிட்டார். இவள் கஞ்சியோடு போனபோது மாடு மட்டும்தான் நின்றதாம்.

நான் என் புத்திக்கு எட்டிய வைத்தியமெல்லாம் பார்த்தேன். எட்டாம் வகுப்பை இரண்டு வருஷம் படித்தவன் அல்லவா, புத்தி கொஞ்சம் அதிகம். டாக்டர் உடம்பில் ஒன்றுமில்லை என்று சத்து மாத்திரை கொடுத்தார். மாப்பிள்ளை வாயைத் திறக்கவில்லை. வீணாகக் கூடாதென்று நானே விழுங்கினேன், எனக்குப் பசி கூடிவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, ஆண்டாள் கையில் இருந்த, இலையில் கட்டிய கிளியைப் பட்டரிடம் கேட்டு வாங்கிப் போய் அவர் கையில் வைத்தேன். கிளியைத் தண்ணீரில் விட்டுவிட்டு, அது போகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது ஓடையை எதிர்த்து மேலே போனதுபோல இருந்தது. என் கண்ணாடிக்குப் பவர் மாற்ற வேண்டும், அதனால் சத்தியம் பண்ண மாட்டேன்.

கடைசியில் ஒருநாள் ஓடைக்கரையில் வைத்துச் செல்லக்கனி சொன்னாள்: “அப்பா, அத்தை, எல்லாரும் செத்த நேரம் அங்கிட்டுத் திரும்பி நில்லுங்க. எனக்கு வெக்கமா இருக்கு.”

அத்தனை பேரும் மலையைப் பார்த்துத் திரும்பி நின்றோம். வெயிலில் தண்ணீர் பாலாக மின்னியது. எங்கேயோ மகிழம்பூ வாசம். முதல் தடவை அவள் கூப்பிட்டது கொசு ரீங்காரம் மாதிரி இருந்தது. இரண்டாவது தடவை பாதிப் பேரோடு நின்றுவிட்டது.

அப்போதுதான், தங்கச்சாமி, தண்ணீருக்குள்ளிருந்து கொலுசு சத்தம் கேட்டது. யாரோ என் பேரைச் சொன்னார்கள். உன் அம்மா இருந்த நாள்வரை ஒருதரம்கூட என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருந்தால் இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது. நானும் பதில் சொல்ல வாயைத் திறந்துவிட்டேன்.

அதற்குள் செல்லக்கனி, “பால்பாண்டீ!” என்று போட்டாளே ஒரு சத்தம்! கொக்கெல்லாம் கிளம்பிப் பறந்தது. திரும்பிப் பார்த்தால் மாப்பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து, “ஏட்டி, இம்புட்டு நேரமா? கஞ்சி எங்க?” என்று கேட்கிறார். சம்பந்தியம்மாள், “ஊருக்கே கேக்கும்படியா புருசன் பேரைச் சொன்னவளை எங்கயாச்சும் பாத்திருக்கீகளா?” என்று சொல்லிக்கொண்டே மருமகளைக் கட்டிப் பிடித்து அழுதார்.

இப்போது அவர்கள் வீட்டில் கஷ்டம் வேறு மாதிரி. மாப்பிள்ளை வேண்டுமென்றே காது கேட்காததுபோல உட்கார்ந்துகொள்கிறாராம். இவள் வாசல் வரை எட்டிப் பார்த்துவிட்டுப் பேரைச் சொன்னால்தான் சாப்பிட எழுகிறாராம்.

எனக்குக் கேட்ட குரலைப் பற்றி உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன். தங்கைக்கு எழுதிவிடாதே. நான் அந்தப் பக்கம் இனி போவதாக இல்லை. மகளும் மாப்பிள்ளையுமே இங்கே வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் ரேடியோவைப் போட்டு வைத்திருக்கிறேன். செய்தி வாசிக்கிறவர் நன்றாகத்தான் பேசுகிறார், ஆனால் என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. பங்குனியில் லீவு கிடைக்குமா என்று உன் மேஸ்திரியிடம் கேட்டுப் பார். கிடைத்தால் வருகிற தேதியை எழுத வேண்டாம். எழுதினால் அதுவரை பஸ் ஸ்டாண்டில்தான் நிற்பேன்.

வேளைக்குச் சாப்பிடு. நீ நல்லா இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
தவசிமுத்து