ஒன்பது நாளாய்ப் போகாத மாதா

அஸோல்னா,
வியாழன் மதியம்

அன்பு மகன் எல்வினோவுக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை ஜெலியா எழுதுவது. இங்கே எல்லாரும் உயிரோடும் கோபத்தோடும் இருக்கிறோம். நீயும் லவீனாவும் குட்டி ஷானும் அந்த ஸ்விண்டன் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க மாதாவிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். கேட்பதற்கு எங்கேயும் போக வேண்டாம், மாதாவே நம் கூடத்தில் ஒன்பது நாளாக உட்கார்ந்திருக்கிறாள். அடுப்படிப் படியில் வழுக்கி என் வலது மணிக்கட்டு விட்டுப்போனதை உனக்குச் சொல்லவில்லை, இப்போது மாவுக்கட்டு போட்டிருக்கிறது, பயப்படாதே. ஏன் போனில் சொல்லவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. போனை எடுத்தால் இந்தப் பக்கம் உன் அப்பா நிற்கிறார், சுவருக்கு அந்தப் பக்கம் உன் சித்தப்பா ருமால்டு இருக்கிறார், நடுச்சுவர் ஓடு வரைக்கும் போகவில்லை என்பது உனக்குத் தெரியுமே, இங்கே தும்மினால் அங்கே ஆயுசு நூறு என்கிறார்கள். (அம்மாவுக்குக் கையில் கட்டு, எனக்கு வாயில் கட்டு. சொன்னதை மட்டும் எழுத வேண்டுமாம். ஜெ.)

விஷயம் இதுதான். போன புதன்கிழமை நம் வாடைத் தெருக்களில் வீடு வீடாக வரும் மாதா நம் வீட்டுக்கு வந்தாள். ஒரு நாள் இருந்துவிட்டு வியாழன் சாயந்திரம் அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும், வீட்டுக்காரர் தன் கையால் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டும், அந்த வீட்டுக்காரர் வாசலில் நின்று தன் கையால் வாங்க வேண்டும். அடுத்த வீடு யாருடையது? சித்தப்பாவுடையது. உன் அப்பா, அவன் வந்து கேட்டால் தூக்கிக்கொண்டு போகிறேன் என்கிறார். சித்தப்பா, அண்ணன் தூக்கிக்கொண்டு வந்தால் வாங்கிக்கொள்கிறேன் என்று வாடைத் தலைவரிடம் சொல்லியனுப்புகிறார். அந்த வீட்டைத் தாண்டி அடுத்ததற்குக் கொண்டுபோகலாமே என்றால், மாதா ஒரு வாசலைத் தாண்டிப் போனாள் என்ற பேர் அந்த வீட்டுக்கு மூன்று தலைமுறைக்கு ஒட்டிக்கொள்ளும், அது வேண்டாம் என்கிறார் பங்குச்சாமி. நான் தூக்கிப் போகலாமென்றால் கை இல்லை. ஜெலியாவிடம் கொடுக்க அப்பாவுக்குத் தைரியம் இல்லை. (வழியில் மாதாவுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிடுவேனாம். யோசித்ததுகூட இல்லை. இப்போதுதான் யோசிக்கிறேன்.)

மாதா விருந்தாளி, நான் கைதி. விளக்கு அணையக் கூடாது, வீட்டை வெறுமனே விடக் கூடாது. அப்பா காலையில் படகுத்துறைக்குப் போய்விடுகிறார், இவள் பள்ளிக்கூடம் போய்விடுகிறாள் (இன்றும் நாளையும்தான் லீவு), நான் ஒற்றைக் கையோடு எண்ணெய் ஊற்றிக்கொண்டு இருக்கிறேன். ஏழு மணிக்கு செபமாலைக்கு இருபது பேருக்குக் குறையாமல் வருகிறார்கள், வந்தவர்களுக்குக் கடலை வேகவைத்துத் தேங்காய்ச் சில்லு போட்டுக் கொடுக்க வேண்டும், ஆம்பிளைகளுக்கு ஒரு மடக்கு ஃபெனிச் சாராயம். ஒன்பது நாளாக வாசல் கேட்டை நான் தாண்டவில்லை. பாவசங்கீர்த்தனத்துக்குக்கூடப் போக முடியவில்லை, இந்த ஒன்பது நாளில் மனசுக்குள் உன் அப்பாவைத் திட்டியதற்கே ஒரு மணி நேரம் ஆகும். சனிக்கிழமை குன்கோலிமில் டெல்ஃபிக்குக் கல்யாணத்துக்கு முன் செய்யும் ரோஸ் சடங்கு. அவள் தலையில் முதல் தேங்காய்ப்பால் ஊற்ற வேண்டியவள் ஞானத்தாயான நான். ஞானஸ்நானத் தொட்டியில் அவளைப் பிடித்துக்கொண்டு நின்ற கை இது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் தொடங்கிவிட்டால் கல்யாணம் கிடையாது, அதனால் தள்ளிப்போடவும் முடியாது. நாளைக்குள் மாதா போகவில்லை என்றால் வேறு யாரோ ஊற்றுவார்கள். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

சண்டை எதனால் என்று உனக்குத் தெரியும். வீட்டைப் பிரித்தபோது பீடம் நம் பக்கம் வந்தது. தாத்தா முழங்கால் போட்ட பீடம், எனக்கும் உரிமை உண்டு என்றார் சித்தப்பா. யார் வேண்டாமென்றது, முன்வாசல் வழியாக வா என்றார் அப்பா. என் தாத்தாவின் பீடத்தில் செபம் சொல்ல நான் விருந்தாளி மாதிரி வர வேண்டுமா என்றார் அவர். நாலு வருஷம் ஆயிற்று. நான் உன்னிடம் சொல்லாதது ஒன்று உண்டு. தினமும் ஏழு மணிக்கு அப்பா பீடத்துக்கு முன்னால் முழங்கால் போட்டு முதல் பாதியைச் சொன்னால், சித்தப்பா அந்தப் பக்கம் பீடத்தின் முதுகைப் பார்த்து முழங்கால் போட்டு இரண்டாம் பாதியைச் சொல்கிறார். எங்கள் குரலோடு குரலாகக் கலந்து வரும். அப்பாவுக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருப்பார். நாலு வருஷமாக ஒரு வார்த்தை பேசாதவர்கள் ஒரு நாளைக்கு ஐம்பத்து மூன்று முறை அருள்நிறை மந்திரத்தைப் பாதிப் பாதியாகப் பங்கு போடுகிறார்கள், எனக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. வேகிற கடலையைப் பார்க்கப் போகிறேன், மிச்சம் பிறகு.

வெள்ளி காலை

மகனே, நேற்று நடந்ததைக் கேள். உன் தங்கை, வந்தவர்கள் காதில் எல்லாம் போய், செபமாலையின் நாலாவது தேவரகசியத்தில் அருள்நிறை மந்திரம் தொடங்கினதிலிருந்து யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது, மனசுக்குள்ளேயே சொல்ல வேண்டும், பங்குச்சாமி உத்தரவு என்று ஓதியிருக்கிறாள். என்னிடமும் அதையே சொன்னாள், நானும் நம்பினேன். அப்பாவிடம் மட்டும் சொல்லவில்லை. (பொய்தான். நாளைக்குப் பாவசங்கீர்த்தனம் செய்கிறேன். ஆனால் அதற்கு வேண்டிய மனவருத்தம் வர மாட்டேனென்கிறது.)

நாலாவது வந்தது. அப்பா முதல் பாதியைச் சொன்னார். கூடத்தில் இருபத்திரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒற்றைக் குரல், "தூய மரியே, இறைவனின் தாயே" என்று கரகரவென்று வந்தது. அப்பாவின் காது சிவந்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன். திரும்பினால் தோற்றுப்போன மாதிரி என்று நினைத்தாரோ என்னவோ, திரும்பவில்லை. சித்தப்பாவும் நிறுத்தவில்லை. அந்தத் தேவரகசியத்தின் பத்து மணிகளையும் இரண்டு பேர் மட்டும் சொன்னார்கள். ஐந்தாவதற்குப் பரலோக மந்திரத்தை அப்பா தன் பாதிவரை சொல்லி நிறுத்தினார். சித்தப்பா, அன்றாட உணவைத் தாரும் என்று கேட்டுவிட்டு, "எங்களுக்கு எதிராகக் குற்றம் செய்வோரை நாங்கள்" என்றார். அதோடு நின்றுவிட்டது. விளக்குத் திரி பொரிகிறது, அது மட்டும் கேட்கிறது. அப்புறம் ஓட்டுக்குக் கீழே இருந்து, "ஏண்ணே, அங்க வேற யாருமே இல்லையா? எல்லாத்தையும் நான் ஒருத்தனே சொல்லணுமா?" அப்பா பீடத்தைப் பார்த்தபடியே, "இருபத்திரண்டு கழுதைங்க இருக்கு. ஒண்ணும் வாயத் தொறக்கல. நீ சொல்லி முடி" என்றார். "நான் ஏன் சொல்லணும், நீ சொல்லு." "அது பதில் சொல்றவன் பங்குடா, மடையா." "அந்த இடத்துல மட்டும் எனக்குத் தொண்டை அடைக்குது." அப்பா, "எனக்கு மட்டும் இனிக்குதா? இரு, வர்றேன்" என்று எழுந்து மாதாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார், செருப்புகூடப் போடவில்லை. நாங்கள் மெழுகுதிரி ஏற்றிப் பின்னால் ஓடினோம். சித்தப்பா சட்டையை உள்பக்கம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து, "மன்னிப்பது போல எங்கள் குற்றங்களை மன்னியும்" என்று கஷாயம் விழுங்குகிற மாதிரி ஒரே மூச்சில் சொன்னார். அப்பா "ம்" என்றார். கட்டிப்பிடிக்கவெல்லாம் இல்லை. பீடத்தைப் பற்றியும் பேச்சில்லை. மிச்சச் செபமாலையை அங்கேயே முடித்தோம்.

எழுந்து நிமிர்ந்தேன், மூச்சு விட்டேன். உடனே சித்தப்பா, "அண்ணி, எம் பொண்டாட்டி மும்பைல மக பிரசவத்துக்குப் போயிருக்கா. நாளைக்குக் கடலை, விளக்கு எல்லாம் நீங்கதான் பார்த்துக்கணும்" என்கிறார். உன் அப்பாவும், ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுகிறார். நாலு வருஷத்தில் இரண்டு பேரும் ஒத்துப்போன முதல் விஷயம் இது. கூண்டிலிருந்து எடுத்துப் பக்கத்துக் கூண்டில் விடுகிறார்கள். ஊறப்போட்ட கடலைப் பானையை ஜெலியாவிடம் கொடுத்து அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வைக்கச் சொன்னேன். வெந்ததா என்று ஒருத்தர் பாருங்கள், உப்பு சரியா என்று இன்னொருத்தர் பாருங்கள், நான் ஞானமகள் வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஷானை செபம் சொல்லச் சொல்லி மிரட்டாதே. நீயும் லவீனாவும் சாப்பிடும் முன் சிலுவை போட்டுக்கொள்ளுங்கள், அவன் பார்த்துக் கற்றுக்கொள்வான். சண்டை போட்ட நாளிலும் போடுங்கள், அன்றைக்கு முக்கியமாகப் போடுங்கள். டெல்ஃபிக்கு நாளை சாயந்திரம் மறக்காமல் போன் செய், அவளுக்கு ஆசி கொடு. உங்கள் மூவர் நெற்றியிலும் இங்கிருந்தே இடது கையால் சிலுவை போடுகிறேன், ஏற்றுக்கொள்ளுங்கள். பதினொன்றரைப் பேருந்து வந்துவிடும். சுவருக்கு அந்தப் பக்கம் உப்பு கூடிப்போயிற்று என்று இரண்டு பேரும் கத்திக்கொண்டிருக்கிறார்கள். நான் போய்ப் பார்க்கப் போவதில்லை, கேட்டைத் திறக்கிறேன்.

உன் அம்மா,
எஸ்பெரான்சா
(இடது கையால் கையெழுத்து, கோணல்தான். ஜெ.)